விசா விதி மாறியது என்றால் எது மாறியது?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், சென்னைக்குப் போய் நேர்காணலை முடித்து அமெரிக்கச் சுற்றுலா விசா வாங்கி வந்திருந்தார். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாத் தாளில் பத்து ஆண்டுகள் தள்ளி ஒரு தேதி அச்சாகியிருந்தது. "தம்பி, பத்து வருஷத்துக்குக் குடுத்துட்டாங்க. பேத்தியப் பள்ளிக்கூடத்துல சேக்கிற வரைக்கும் மக வீட்டுலயே இருந்துட்டு வரலாம்ல?" என்று கேட்டார். அப்படி இருக்க முடியாது, ஒரு முறை போனால் பெரும்பாலும் ஆறு மாதம்தான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. தாளில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் மீது தவறில்லை. ‘விசா’ என்ற ஒரு சொல்லுக்குள் தனித்தனியான நான்கு அனுமதிகளை அடைத்து வைத்துப் பேசுவது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ‘விசா விதிகள் மாறின’ என்ற தலைப்பைக் கண்டதும், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெங்களூர் வீடுகள் தமக்குப் பொருந்தாத செய்திக்கும் பதறிப்போவதற்கு இந்தக் குழப்பமே பெரிய காரணம்.

அந்த நான்கையும் முதலில் பிரித்துக்கொள்வோம். விசா என்பது ஒரு நாட்டின் வாசல்வரை வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கான இசைவு. உள்ளே விடுவது அதற்கு அடுத்த அனுமதி. விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரி அதைத் தருகிறார், தராமல் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எத்தனை நாள், என்ன நிபந்தனையோடு, வேலை செய்யலாமா கூடாதா என்பது மூன்றாவது. கால வரம்பு இல்லாமல் அங்கேயே வாழும் உரிமை, அதாவது நாம் ‘பிஆர்’ என்றும் ‘கிரீன் கார்டு’ என்றும் சொல்வது, நான்காவது. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தரகர் சாவியோடு கூட்டிப்போவதால் வீடு நமக்குக் கிடைத்துவிட்டது என்று ஆகாது. உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் பதினொரு மாத ஒப்பந்தம்தான். எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்த ஒப்பந்தம் கிரயப் பத்திரம் ஆகிவிடாது.

தமிழில் விசாவுக்கு ‘நுழைவுரிமை’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. நான் அதைத் தவிர்ப்பேன், ஏனென்றால் விசா எந்த உரிமையையும் தருவதில்லை. ‘நுழைவிசைவு’ என்ற சொல் ஓரளவு நேர்மையானது.

பெரியவரின் கணக்கு பிசகிய இடம் இதுதான். பத்தாண்டு என்பது வாசலுக்கு வருவதற்கான காலம். அந்தப் பத்தாண்டுக்குள் அவர் பல முறை போய்வரலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற தனிப் பதிவு முடிவு செய்கிறது. இது மறுபக்கமாகவும் வேலை செய்யும். எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் பணிபுரியும் ஒருவரின் பாஸ்போர்ட்டில் உள்ள விசாத் தாள் காலாவதியாகியிருந்தாலும், ஐ-94 தேதி முடியாதவரை அவர் அங்கே சட்டப்படிதான் இருக்கிறார். ஒரு திருமணத்துக்காக ஊருக்கு வந்தால்தான் சிக்கல். திரும்பிப் போக வாசலுக்கான இசைவைப் புதிதாகப் பெற வேண்டும். ஐ.டி. துறையினர் ‘ஸ்டாம்பிங்’ என்று சொல்வது இதைத்தான். அதற்கும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்கே ரயிலேறுகிறார்கள். பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2025 ஜனவரி 17 அன்று திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் விசா சேவை இல்லாமலேயே அது திறக்கப்பட்டது என்பதைத் திறப்பு விழாச் செய்தியைக் கொண்டாடிய பலர் கவனிக்கவில்லை.

2025-இல் வந்த அமெரிக்க மாற்றங்களில் ஒரு பகுதி முழுக்க முழுக்க இந்த ஸ்டாம்பிங் கட்டத்தைச் சேர்ந்தது. முன்பு விசாவைப் புதுப்பிக்க நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் ஒப்படைக்கும் ‘டிராப்பாக்ஸ்’ வசதி பலருக்குக் கிடைத்தது. 2025 செப்டம்பர் 2 முதல், சுற்றுலா விசாவைக் குறித்த காலத்துக்குள் புதுப்பிப்போர் போன்ற சிலரைத் தவிர, எல்லோரும் நேரில் வர வேண்டும் என்று ஆனது. இங்கே நேர்காணலுக்கான ஸ்லாட் கிடைக்காதவர்கள் வேறொரு நாட்டுக்குப் போய் ஸ்டாம்பிங் முடிக்கும் வழக்கமும் அதே மாதத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் விசாவுக்கு ஏற்கெனவே இருந்த சமூக ஊடகச் சரிபார்ப்பு, 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி ஊழியர்களுக்கும் எச்-4 விசாவில் செல்லும் குடும்பத்தினருக்கும் விரிந்தது. விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்; ஒவ்வொன்றையும் பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் வேண்டும். விளைவாக, அந்த டிசம்பரில் இந்தியாவில் குறிக்கப்பட்டிருந்த நேர்காணல்கள் பல, மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. மூன்று வார விடுப்பில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய வேலை அனுமதியைத் தொடும் விதி எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது வாசல் வேகம் மட்டுமே. ஆனாலும் வாசலில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

வேலை விசாவுக்கு, வாசலுக்கும் முன்னால் இன்னொரு கட்டம் உண்டு. எச்-1பி-க்கு ஊழியர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. அவரை அமர்த்தும் நிறுவனம் அமெரிக்க அரசிடம் மனு செய்கிறது. 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் கை வைத்தது இந்த மனுவில்தான்: ஒரு மனுவுக்கு 1,00,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். இரண்டு நாளில், செப்டம்பர் 21 முதல் நடைமுறை என்று அறிவிப்பு. தொகை ஆண்டுதோறும் கட்ட வேண்டியது என்று வணிக அமைச்சர் சொன்னார். மறுநாளே வெள்ளை மாளிகை அதை மறுத்து, ஒரு முறை மட்டும், புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்கும் புதுப்பிப்போருக்கும் இல்லை என்று விளக்கியது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து எச்-1பி நிலைக்கு மாறுவோருக்கும் பொதுவாக இது பொருந்தாது என்ற விளக்கம் அக்டோபர் 20 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் எத்தனை குடும்பங்கள் தூக்கம் கெட்டன என்பதற்குக் கணக்கு இல்லை. புதியவர் யார், பழையவர் யார், நாட்டுக்குள் இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்ற பிரிவுகள் ஒரு விதியில் பெரும்பாலும் பிற்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். அவரவர் தலைவிதி அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

எச்-1பி-யின் ஆண்டு ஒதுக்கீடு 65,000. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல். பல ஆண்டுகளாக அந்தக் குலுக்கலில் எல்லோருக்கும் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. 2026 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்தப் பணிக்குரிய நான்கு ஊதியப் படிகளில் மேல்படியில் இருப்பவரின் பெயர் நான்கு முறையும் கீழ்ப்படியில் இருப்பவரின் பெயர் ஒரு முறையும் குடத்தில் போடப்படும். கல்லூரி முடித்த கையோடு முதல் வேலையில் சேரும் இளைஞருக்கு இது பாதகம். பத்தாண்டு அனுபவத்தோடு நல்ல சம்பளத்தில் செல்பவருக்குச் சாதகம்.

இந்தியர்களை இந்த விசா இவ்வளவு பாதிப்பதற்கு நான்காவது அனுமதியே காரணம். வேலைவாய்ப்பு அடிப்படையில் அமெரிக்கா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகளைத் தருகிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஐஸ்லாந்துக்கும் அதே 7, நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்கும் அதே 7. எச்-1பி ஆறாண்டு விசாதான். ஆனால் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டு வரிசையில் நிற்பவர்கள் அதைத் தொடர்ந்து நீட்டித்துக்கொள்ளலாம். ஆகவே மற்ற நாட்டவர் சில ஆண்டுகளில் கடந்துபோகும் தாழ்வாரத்தில் இந்தியர்கள் பாய் விரித்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். தாழ்வாரத்து ஓட்டைத் தட்டினால் அவர்கள் தலையில்தானே விழும்.

பிரிட்டனின் கதை வேறொரு பாடத்தைக் கற்றுத் தருகிறது. அங்கே 2025 மே மாதம் குடியேற்றம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. வெள்ளை அறிக்கை என்பது அரசு தன் எண்ணத்தைச் சொல்லும் ஆவணம். அது சட்டம் ஆகாது. நம் செய்திகளில் அது ‘பிரிட்டன் விதிகளை மாற்றியது’ என்று வெளிவந்தது. நடந்தது என்னவென்றால், ஒரே அறிக்கையில் இருந்த யோசனைகள் வெவ்வேறு நாட்களில் விதியாயின. திறன்பணியாளர் விசாவுக்கான பொது ஊதிய வரம்பு 2025 ஜூலை 22 அன்று ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆனது. 2024 ஏப்ரலுக்கு முன்பு அது 26,200 பவுண்டு மட்டுமே என்பதைப் பார்த்தால் ஏற்றத்தின் செங்குத்து புரியும். அதே நாளில் பணியின் தரம் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தப்பட்டது, முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது. ஆங்கிலத் தேர்ச்சியை ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் பி-2 நிலைக்கு உயர்த்திய விதி 2026 ஜனவரி 8 அன்று வந்தது. படிப்பு முடித்தவர்கள் வேலை தேடித் தங்கும் ‘கிராஜுவேட் ரூட்’ காலம் இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைவது 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு; முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு அந்தக் குறைப்பு இல்லை. நிரந்தர வாழ்வுரிமைக்கான காத்திருப்பை ஐந்து ஆண்டிலிருந்து பத்தாக உயர்த்தும் யோசனையும் அதே அறிக்கையில் முன்மொழிவாக இடம்பெற்றது. ஆக ஓர் அறிக்கை, பல தேதிகள். ஏற்கெனவே அந்த விசாவில் இருந்த, பட்டப்படிப்பு தேவைப்படாத பணிகளில் உள்ளவர்கள் புதுப்பித்துக்கொள்ள இடைக்கால விலக்கும் தரப்பட்டது. யோசனை, விதி, நடைமுறைத் தேதி, விலக்கு என்ற நான்கையும் ஒரு செய்தியில் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

மாணவர்களைப் பொறுத்தவரை கனடாவும் ஆஸ்திரேலியாவும் பிடித்த கருவி பணம். கையில் இவ்வளவு இருப்பு காட்ட வேண்டும் என்ற தொகையை உயர்த்தினால், மறுப்பு என்று எழுதாமலேயே பலரைத் தடுத்துவிடலாம். கனடாவில் முதலாண்டுக் கல்விக் கட்டணம் நீங்கலாக ஒரு மாணவர் காட்ட வேண்டிய தொகை நீண்ட காலம் 10,000 கனடிய டாலராக இருந்தது. 2024 தொடக்கத்தில் 20,635 ஆகி, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 ஆனது. 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போடப்பட்டது; இந்திய மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த எஸ்டிஎஸ் என்ற விரைவு வழி அதே ஆண்டு நவம்பர் 8 அன்று மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவோ விண்ணப்பக் கட்டணத்தையே 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. கல்விக் கடன் வாங்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.

புள்ளிமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையை 1967-இல் கனடா தொடங்கி வைத்தது. மதிப்பெண் வெளிப்படையாக இருப்பதால் நேர்மையான முறை என்று தோன்றும். ஆனால் எந்தத் தகுதிக்கு எவ்வளவு என்பதை அரசு ஒரே நாளில் மாற்றிவிடலாம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தேர்வு முறையில் வேலைவாய்ப்புக் கடிதம் இருந்தால் 50 அல்லது 200 புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்து வந்தன. அந்தக் கடிதங்கள் காசுக்கு விற்கப்படுகின்றன என்ற புகாரின் பேரில் 2025 மார்ச் 25 அன்று அந்தப் புள்ளிகள் முற்றிலும் நீக்கப்பட்டன. உண்மையான கடிதத்தோடு காத்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாக் கதவும் மூடிக்கொண்டே வருகிறது என்று நினைக்கவும் வேண்டாம். ஜெர்மனி 2024 ஜூன் 1 அன்று ‘சான்சன்கார்ட்டே’ என்ற வாய்ப்பு அட்டையைத் தொடங்கியது. வேலைக் கடிதம் இல்லாமலேயே, ஆறு புள்ளிகள் பெற்று, செலவுக்குப் பணம் காட்டினால், ஓராண்டுவரை அங்கே தங்கி வேலை தேடலாம். அதற்கிடையே வாரம் இருபது மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். அதே ஆண்டு அக்டோபரில் இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தது. இந்திரா நகர் சிஎம்எச் சாலையில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்புக்குப் போவோரிடையே இப்போது பொறியாளர்களையும் செவிலியர்களையும் காணலாம். ஆனால் இங்கேயும் நான்கு அனுமதிகளின் வேறுபாட்டை மறக்கக் கூடாது: வாய்ப்பு அட்டை தேடுவதற்கான இசைவு மட்டுமே, வேலை கிடைத்தபின் வேறு அனுமதிக்கு மாற வேண்டும்.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்வோருக்கு நல்ல செய்தியும் உண்டு, சூதானமாக இருக்க வேண்டிய செய்தியும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாக்கள் இரண்டை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டு பலமுறை நுழைவு விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் தரும் ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்தது. ஆயினும் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. ஜனவரி 1 அன்று போனவர் மார்ச் 31 வரை தங்கினால், லீப் ஆண்டாக இல்லாவிட்டால் சரியாக 90 நாள் முடிந்துவிடும். அடுத்து அவர் கால் வைக்கக்கூடிய முதல் நாள் ஜூன் 30. முன்பு இந்தக் கணக்கை அதிகாரி முத்திரைகளைப் புரட்டிப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. மங்கிய முத்திரையால் தப்பியவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஈஇஎஸ் என்ற எல்லைப் பதிவு முறையில் முகமும் விரல் ரேகையும் பதிவாகி, கணக்கைக் கணினியே போடுகிறது.

விசாவே வேண்டாம் என்று சொல்லும் நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு அந்தச் சலுகையைத் தந்தன. ஆனால் புறப்படும் முன் இரண்டுக்குமே இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சலுகை என்பது கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது: வேலை ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் கடத்தப்பட்ட சம்பவங்களுக்குப் பின், 2025 நவம்பர் 22 முதல் ஈரான் இந்தியர்களுக்கான விசா விலக்கை நிறுத்திக்கொண்டது.

போகிற நாட்டின் விதியையே பேசிக்கொண்டிருப்பதால் புறப்படுகிற நாட்டின் விதி மறந்துபோகிறது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘ஈசிஆர்’ வகையைச் சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அவர்கள் இந்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் புறப்பட வேண்டும். சிவாஜி நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு ஏஜென்ட் ‘விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று சொன்னால், இந்த அனுமதியையும் அதோடு வரும் காப்பீட்டையும் ஒப்பந்தப் பாதுகாப்பையும் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார் என்று பொருள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் கட்டணமாக வாங்கலாம். அவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம். நாற்பது வயதுக் கட்டடத் தொழிலாளிக்கு இது தெரியாமல் இருப்பதை ஒப்புக்கொள்ளலாம். அவருடைய பட்டதாரி மகனுக்கும் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

ஏரிக்கரைப் பெரியவர் சென்ற மாதம் புறப்பட்டுப் போனார். போய்ச் சேர்ந்த மறுநாள் அவருடைய மகள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தார். தங்கலாம் என்று அதில் குறித்திருந்த கடைசித் தேதி, இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. திரும்பும் டிக்கெட்டை அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிட்டார்களாம்.